உடல் ஒத்துழைக்காதபோது ஐடி வேலை தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாக நேர்காணலுக்குப் போன கட்டடத்தில் சாய்தளம் இருந்தது. முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டிருந்தேன். "ராம்ப் இருக்கு சார், லிஃப்ட்டும் இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் ஹெச்ஆர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சாய்தளத்துக்குப் போவதற்கு மூன்று படி ஏற வேண்டும், அவ்வளவுதான். செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்து, "யோசிக்காதீங்க தம்பி, நாலு பேர் சேந்து தூக்கிருவோம்" என்றார். தூக்கினார்கள். மேலே போனால் கழிப்பறைக் கதவு 24 அங்குலம், என் சக்கர நாற்காலி 25. எழுத்துத் தேர்வு, காத்திருப்பு, நேர்காணல் என்று ஐந்து மணி நேரம். இப்படி ஏதாவது ஆகும் என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போயிருந்ததால் சமாளித்தேன். இரண்டு நாள் கழித்து சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்தன. வேலை வரவில்லை.

அதற்குப் பிறகு "ராம்ப் இருக்கிறதா" என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. "காரிலிருந்து இறங்கி என் இருக்கை வரை வர மொத்தம் எத்தனை படி? கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம்? டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?" என்றுதான் கேட்கிறேன். இந்த வழிகாட்டியில் சொல்லப்போவதில் பாதி, இப்படி அளவோடு கேட்பது எப்படி என்பதுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி: பைக் விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்டது. கால்கள் இயங்காது, கைவிரல்கள் பாதி இயங்கும். இப்போது சென்னையில் மென்பொருள் சோதனையாளராக இருக்கிறேன். அதனால் இதில் உள்ளது கை, கால், முதுகு சம்பந்தப்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கே அதிகம் பொருந்தும். போலியோ, தசைச்சிதைவு, மூளை முடக்குவாதம், கை கால் இழப்பு எல்லாம் இதில் வரும். பார்வை, செவித்திறன் விஷயங்கள் வேறு. அவற்றை அனுபவித்தவர்கள் எழுதுவதே சரி.

படி 1: ஒரு வாரம் உங்கள் நாளை அளந்து பாருங்கள்

பயோடேட்டா எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நோட்டு எடுத்து ஏழு நாள் எழுதுங்கள். எழுந்ததிலிருந்து கணினி முன் உட்காரும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை? எவ்வளவு நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறது? ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் தட்டச்சு செய்ய வருகிறது? வலி, தசை இறுக்கம், சோர்வு எந்த நேரத்தில் கூடுகிறது?

என் நோட்டில் வந்த கணக்கைச் சொல்கிறேன். காலையில் தயாராக இரண்டரை மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண். தட்டச்சு வேகம் நிமிடத்துக்கு 22 சொல். மதியம் மூன்று மணிக்கு மேல் தோள்வலி.

இந்தக் கணக்கிலிருந்தே பல விஷயங்கள் தெளிவாகிவிட்டன. காலை ஏழு மணி ஷிஃப்ட் எனக்கு ஆகாது. இடத்தை விட்டு நகர விடாத வாய்ஸ் கால்சென்டர் வேலை ஆகாது. வீட்டிலிருந்து மூன்று நாள், அலுவலகத்தில் இரண்டு நாள் என்றால் தாராளமாகச் செய்யலாம். "எனக்கு எந்த வேலையும் ஓகே சார்" என்று சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அப்படிச் சொல்லிச் சேர்ந்து, மூன்றாவது மாதம் புண் வந்து விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: காகிதங்கள்

யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் மருத்துவர் குழுவைப் பார்க்க வேண்டும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் அரசு வேலை ஒதுக்கீடு, வரிச்சலுகை போன்றவை கிடைக்கும். மாத உதவித்தொகை வாங்குபவர்கள், சம்பளம் வர ஆரம்பித்தால் அது என்ன ஆகும் என்று சேர்வதற்கு முன்பே அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மூருக்கே உரிய ஒரு வம்பு, பெயரும் இனிஷியலும். ஆதாரில் இனிஷியல் கடைசியில், மார்க் ஷீட்டில் முதலில், யுடிஐடியில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், வேலைக்குச் சேரும்போது நடக்கும் பின்புலச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். திருத்த மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இப்போதே தொடங்குங்கள்.

படி 3: கணினியை உங்கள் கைக்கு ஏற்றதாக மாற்றுங்கள்

இதற்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்று நினைத்துக்கொண்டு பலர் தொடுவதே இல்லை. பெரும்பாலானவை கணினியிலேயே இருக்கின்றன. விண்டோஸில் ஷிஃப்ட் பட்டனை ஐந்து முறை தொடர்ந்து தட்டிப் பாருங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். பலர் அதை எரிச்சலோடு மூடுவார்கள். ஒரே விரலால் தட்டச்சு செய்பவருக்கு அது வரம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். கை நடுக்கத்தால் ஒரே எழுத்து நாலைந்து முறை விழுந்தால் ஃபில்டர் கீஸ். மவுஸ் பிடிக்க முடியாவிட்டால், எண் பட்டன்களால் சுட்டியை நகர்த்தும் மவுஸ் கீஸ், அல்லது கட்டைவிரலால் உருட்டும் டிராக்பால். தலையை மட்டும் அசைக்க முடிந்தவர்களுக்கு, வெப்கேமரா வழியாகத் தலையசைவால் சுட்டியை நகர்த்தும் எவியாகாம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அப்புறம் குரல். விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்ஸஸ் கூடவே வருகிறது, இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிள் கணினியில் வாய்ஸ் கன்ட்ரோல். மின்னஞ்சல், அறிக்கை எழுத இவை போதும். நிரல் எழுத இவை திணறும். அடைப்புக்குறிக்கும் அரைப்புள்ளிக்கும் ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கும். அதற்கு டாலன் என்ற மென்பொருளை உலகெங்கும் கை முடியாத புரோகிராமர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் எழுத்துகளுக்கு ஒற்றை அசைப் பெயர்கள் உண்டு: ஏ-க்கு ஏர், பி-க்கு பேட், சி-க்கு கேப், டி-க்கு ட்ரம். முதல் இரண்டு வாரம் "ஏர் பேட் கேப்" என்று நான் முனகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்து அறையில் அம்மா கவலைப்பட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து கைத் தட்டச்சைவிட அதுவே வேகம்.

வேலை கிடைத்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். தேர்வு அறையில் உங்கள் வேகம் இதைப் பொறுத்தது.

படி 4: எந்த வேலை?

"வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி" என்பதுதான் நமக்கு எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தட்டச்சு வேகத்தை வைத்துக் காசு தரும் வேலையை, தட்டச்சே கஷ்டமாக இருப்பவர்களிடம் கொடுப்பதில் என்ன நியாயம்? யோசித்துச் செய்யும் வேலைகளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாற்பது வரி நிரல் எழுதினாலும் அது சரியாக இருந்தால் போதும் என்கிற வேலைகள் இருக்கின்றன. நிரலாக்கம், சோதனை, தரவுப் பகுப்பாய்வு, கிளவுட் நிர்வாகம், தொழில்நுட்ப ஆவணம் எழுதுதல் எல்லாம் அந்த வகை. பயன்பாட்டில் உள்ள மென்பொருள் பழுதானால் இரவில் எப்போது வேண்டுமானாலும் எழுப்பும் புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலையை எடுப்பதற்கு முன், படி 1 நோட்டை ஒருமுறை பாருங்கள்.

நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்பும் துறை, அணுகல்தன்மைச் சோதனை. ஐடி ஆட்கள் அக்செஸிபிலிட்டி டெஸ்டிங் என்பார்கள். ஓர் இணையதளத்தையோ செயலியையோ மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலை. டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டுதல்தான் இதற்கு அடிப்படை. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. மவுஸ் இல்லாமல் கீபோர்டால் மட்டும் எல்லாம் செய்ய முடிய வேண்டும், தொடும் பட்டன் குறைந்தது 24க்கு 24 பிக்ஸல் இருக்க வேண்டும், இழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் நான் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அங்கே எண் போட்டு எழுதியிருந்தது.

இதற்கு ஆள் தேவைப்படுவது தர்மத்துக்காக அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே விற்கும் வங்கிச் செயலி, ஆன்லைன் கடை எல்லாம் அதற்கு உட்பட வேண்டும். அந்தச் செயலிகளில் எத்தனையோ நம் சென்னையிலும் பெங்களூரிலும்தான் தயாராகின்றன. இந்தியாவிலும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மாற்றுத்திறனாளி என்பதாலேயே இந்த வேலை தெரிந்துவிடாது. இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல், அந்தப் பக்கத்தைத் திரைவாசிப்பானுக்கு விளக்கும் ஏரியா குறியீடுகள், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் எல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டும். இதில் ஆர்வமே இல்லையென்றால் இந்தப் பக்கம் வரவும் வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் டேட்டாபேஸ் ஆளாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

படி 5: படித்ததைக் காட்டுங்கள்

வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடெல் இருக்கிறது, படிப்பது இலவசம். பட்டமே வேண்டும் என்றால் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

சான்றிதழ்களைவிடச் செய்த வேலை பேசும். சோதனையாளர் ஆக விரும்புபவர் ஒரு டிக்கெட் முன்பதிவுத் தளத்தை எடுத்து, பிழை அறிக்கை எழுதி, செய்த வேலையை எல்லோரும் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடலாம். நான் எழுதியதில் ஒன்று கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டி. டேப் பட்டனால் உள்ளே போக முடிகிறது, வெளியே வர முடியவில்லை. எஸ்கேப் அழுத்தினாலும் மூடவில்லை. மவுஸ் இல்லாதவர் பக்கத்தையே மறுபடி திறக்க வேண்டும், அதுவரை நிரப்பியதெல்லாம் போய்விடும். விதி 2.1.2, கீபோர்டு சிக்கல். திருத்த யோசனை கீழே." நேர்காணலில் இதைப் பற்றி மட்டுமே இருபது நிமிடம் பேசினார்கள்.

விபத்தாலோ சிகிச்சையாலோ விழுந்த இடைவெளியை பயோடேட்டாவில் மறைக்காதீர்கள். "2015–2017: மருத்துவ மறுவாழ்வு, இக்காலத்தில் பைதான், எஸ்க்யூஎல் கற்றேன்" என்று ஒரு வரி போதும். கதை வேண்டாம்.

படி 6: எங்கே தேடுவது

லிங்க்ட்இன், நௌக்ரி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றோடு மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்சிஎஸ்-இல் பதியுங்கள். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், எம்ப்ளாயபிலிட்டி என்ற பெயரில் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்தி வருகிறது. பெங்களூரின் எனேபிள் இந்தியா 1999 முதல் இதே வேலையில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம். 1981-இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அரசு வேலை விரும்புபவர்கள் பொதுத்துறை வங்கிகளின் ஐடி அதிகாரி தேர்வைக் கவனியுங்கள். 4 சதவீத ஒதுக்கீடு சட்டப்படி உண்டு.

மோசடி பற்றி ஒரு பத்தி. இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் விழுகிறார்கள். "வீட்டிலிருந்தே ஃபார்ம் நிரப்பும் வேலை, பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய்" என்று விளம்பரம் வரும். கட்டினால் படிக்கவே முடியாத படங்களை அனுப்பி, ஐந்து நாளில் முடிக்கச் சொல்வார்கள். பிழை அதிகம் என்று காசு தர மாட்டார்கள். அதோடு போனால் பரவாயில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும், இன்னும் பணம் கேட்பார்கள். கட்டாதீர்கள், பயப்படாதீர்கள், இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை.

படி 7: எப்போது சொல்வது, என்ன சொல்வது

விண்ணப்பத்திலேயே சொல்லலாமா, நேர்காணல் உறுதியான பிறகா? இதில் ஆளுக்கொரு கருத்து. என் வழி இது: மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடக்கும் ஆள்சேர்ப்பு என்றால் முதலிலேயே சொல்வேன். பொதுவான வேலை என்றால், தேர்வுக்கு அழைப்பு வந்த அன்று சொல்வேன். அதற்கு முன்பு சொன்னபோது பதிலே வராமல் போன அனுபவம் எனக்கு நிறைய. நேரில் போய் நின்ற பிறகு சொன்னால் அவர்களும் திணறுவார்கள், நாமும் படியில் நிற்போம்.

சொல்லும்போது நோயின் பெயரும் அறுவை சிகிச்சைக் கதையும் தேவையில்லை. என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். நான் அனுப்பும் ஆங்கில மின்னஞ்சலின் சாரம் இது:

"வரும் வியாழக்கிழமைத் தேர்வுக்கு அழைத்ததற்கு நன்றி. நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். விரல் அசைவு குறைவு என்பதால் குரல் மென்பொருளால் தட்டச்சு செய்வேன். எனக்குத் தேவைப்படுபவை மூன்று: ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம்; குரல் மென்பொருள் இயங்க அனுமதி; நேரில் வர வேண்டுமானால், படியில்லாத வழியும் 32 அங்குலக் கதவுள்ள கழிப்பறையும். இல்லாவிட்டால் வீடியோ வழியாகச் செய்யலாம். யுடிஐடி அட்டை இணைத்துள்ளேன்."

அந்த 20 நிமிடக் கணக்கு நானாகச் சொல்வதல்ல. எழுத்துத் தேர்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடு நேரம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. தனியார் நிறுவனத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், எண்ணோடு கேட்டால் ஹெச்ஆருக்கு மேலிடத்தில் பேச வசதி.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தனியாருக்கு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அதன் 21-ஆவது பிரிவு, எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடமென்றால், மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கான தொடர்பு அலுவலர் ஒருவரும் அந்தக் கொள்கைப்படி இருக்க வேண்டும். "உங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அனுப்ப முடியுமா, தொடர்பு அலுவலர் யார்?" என்று பணிவாக ஒரு வரி கேளுங்கள். வரும் பதிலிலேயே அந்த நிறுவனத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். "ரீசனபிள் அகாமடேஷன்" (நமக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்து தருவது) என்ற சொல்லையும் பயன்படுத்துங்கள், சட்டத்தில் உள்ள சொல் அது.

படி 8: ஆன்லைன் தேர்வும் நேர்காணலும்

இப்போதெல்லாம் தேர்வில் கேமரா வழியே கணினியே கண்காணிக்கிறது. அதற்கு நாம் பேசினால் யாருக்கோ சொல்லிக்கொடுக்கிறோம் என்று படும், தலையைத் திருப்பினால் காப்பி அடிக்கிறோம் என்று படும். குரலாலும் தலையசைவாலும் வேலை செய்பவர் அதன் கண்ணில் நூறு சதவீதத் திருடர். ஒரு தேர்வில் பன்னிரண்டாவது நிமிடத்தில் என்னை வெளியே தள்ளியது. முறையிட்டு மறுதேர்வு வாங்க மூன்று வாரம் ஆனது. அதனால் முந்தைய நாளே எழுத்தில் அனுமதி வாங்கி, தேர்வு மென்பொருளில் ஒரு மாதிரித் தேர்வை ஓட்டிப் பாருங்கள். பேச்சு தெளிவில்லாதவர்கள், சாட்டில் பதில் தர அனுமதி கேட்கலாம்.

நேர்காணலில் "எப்படி சமாளிப்பீங்க?" என்ற கேள்வி வந்தே தீரும். கோபம் வரும்தான். நான் அந்த இடத்தில் திரையைப் பகிர்ந்து, குரலால் ஒரு சின்னச் சோதனை நிரலை எழுதி ஓட்டிக் காட்டிவிடுவேன். இரண்டு நிமிடம்தான் ஆகும். அதற்கப்புறம் கேள்விகள் வேலையைப் பற்றி மாறிவிடும்.

படி 9: கையெழுத்துப் போடும் முன்

மாற்றுத்திறனாளிப் பிரிவு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே வேலைக்கு மற்றவருக்கு என்ன என்று விசாரியுங்கள். நீங்கள் நிறுவனத்தின் ஊழியரா, ஒப்பந்த ஏஜென்சியின் ஊழியரா என்பதையும் பாருங்கள். குழு மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பெரிய ஐடி நிறுவனங்களில் வழக்கமாக இருக்கும், நமக்கு இது சம்பள உயர்வைவிடப் பெரியது. வீட்டிலிருந்து எத்தனை நாள் என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வரட்டும். மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சும் மாறும். பயணச் செலவையும் சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள். கை வலுவுள்ளவர்கள், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் தரும் மாநில அரசுத் திட்டத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான வருமான வரிக் கழிவு (1961 சட்டத்தில் 80யு பிரிவு) உண்டு: 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய்.

சேர்ந்த முதல் வாரத்தில் கேட்க வேண்டிய ஒன்று, யாருக்கும் நினைவுக்கு வராதது: தீ விபத்து ஒத்திகை. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். என் முதல் ஒத்திகையில் தளம் முழுக்கக் காலியானது, நானும் ஒரு ஹவுஸ்கீப்பிங் அக்காவும் மட்டும் படிக்கட்டு வாசலில் இருந்தோம். "நீங்க போங்கக்கா" என்றேன். "உங்கள விட்டுட்டு எப்படிப்பா போறது" என்று அவர் அங்கேயே நின்றார். மறுநாள் தொடர்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இப்போது படிக்கட்டில் இறக்கும் நாற்காலி ஒன்று எங்கள் தளத்தில் மாட்டியிருக்கிறது. என்னை இறக்க வேண்டிய இரண்டு பேரின் பெயர் என் மேசையில் ஒட்டியிருக்கிறது, அவர்கள் விடுப்பில் போனால் வேறு இருவர் பெயர் அதன் கீழே.